ஈரக் கழிவு

காலை ஆறேகால். சிப்காட் வேன் என்னை
ஆலப்பாக்கம் கேட்டருகே உதிர்த்துவிட்டுப் போகிறது.
தலைவலையைக் கழற்றிய பின்னும் புருவத்தில் மாவு.
அவர் அப்போதுதான் கோடாலியைச் சாக்கில் சுற்றுகிறார்.
தியாகவல்லியில் இன்று நாலு ஏக்கர் சவுக்கு சாயணும்.

ஒரே வாசல். ஒருவர் நுழைய ஒருவர் கிளம்ப,
நடுவில் கைமாறும் குழந்தை,
ரசீதில்லாத சரக்கு.

அவருக்கு டன் கணக்கு.
எனக்கு மில்லிகிராம்.

நேற்று ராத்திரி லேபிலிருந்து வந்த பெனிட்டா
நான் பிரித்துக்கொண்டிருந்த மூட்டையைத் தட்டினாள்.
"அக்கா, இது என்னன்னு தெரியுமா? மரம்."

ஆறு வருஷமாக அள்ளுகிறேன்.
கோலமாவுக்குத் தங்கச்சி மாதிரி வெள்ளை,
மூக்கில் ஏறினால் மூன்று தும்மல்.
இதற்குப் போய் மரமென்று பேரா?
"கூழாக்கி, வெளுக்க வெச்சு, அமிலத்துல வேகவெச்சு
உலர்த்துன பொடி. சில மாத்திரையில
மருந்து கடுகளவுதான்க்கா.
அதை உடையாம புடிச்சுக்கறது இது."

வாசலிலேயே அவரிடம் சொன்னேன்:
"நானும் மரவேலைதாங்க பாக்கறேன்."
சிரித்தார். "நம்ம சவுக்கா?"
"இல்ல, ஏதோ குளிர்நாட்டு மரமாம். இலை ஊசி மாதிரி இருக்குமாம்."
"சவுக்குக்கும் ஊசிதான். பங்காளியா இருப்பான்."

தலைவலி அட்டையில் மிச்சமிருந்த ஒன்றை
இரண்டாய் ஒடித்து முகர்ந்தார்.
நேற்று வெட்டியதா முந்தாநாள் வெட்டியதா என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மூக்கு.
"ஒண்ணுமே இல்லியே."
ஒரு பாதியை விழுங்கினார்.
மறுபாதியை அட்டைக்குள்ளேயே திணித்து வைத்தார்.

எனக்கு வாய் நிற்கவில்லை.
கொடியில் காயும் என் ரேயான் நைட்டியைக் காட்டினேன்.
பிள்ளையின் டயப்பரைக் கழற்றிக் கையில் கொடுத்தேன்,
ஈரக் களிமண் உருண்டைபோலக் கனத்தது.
ராத்திரி முழுக்க ஒரு மரம் அசையாமல் நின்று
மூத்திரம் குடித்திருக்கிறது.
"இதுவுமா?"
"இதுவும்தான்."
"அப்ப வேர் எங்க?" என்று
பிள்ளையின் குதிகாலைப் பிடித்து இழுத்தார்.
அது சிரித்ததில் எச்சில் வழிந்தது.

அப்புறம்தான் சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டு.
முந்தாநாள் லோடு. எடைமேடைத் தாள்.
பதினாலு டன் இருநூறு என்று அச்சில்.
அதன்கீழே பேனாவில்:
ஈரக் கழிவு, ஒன்று நானூறு.
"பட்டை உரிச்சுதான் ஏத்துனோம். மூணு நாள் காஞ்ச கட்டை.
ஈரம் எங்க இருந்துச்சுன்னு புரோக்கர்தான் காட்டணும்."

கூலியும் டன்னுக்குத்தான்.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மரத்தைப் பற்றி
மரத்தின் மேலேயே எழுதிய பொய்.

எங்களிடமும் ஈரச் சோதனை உண்டு.
ஒரு சிட்டிகைப் பொடியைச் சூட்டில் காயவைத்து
மறுபடி நிறுப்பாள் பெனிட்டா.
நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் மூட்டை திரும்பிவிடும்.
புள்ளிக்குப் பின் நாலாவது எண் நிற்கும்வரை
மூச்சை அடக்கிக்கொள்வாள்,
மூச்சு பட்டால் அந்தத் தராசு அசையும்.

"அதைக் கொண்டாந்து புரோக்கர் மேசையில வைக்கணும்" என்றேன்.
"வெச்சா?
மேலயே மூச்சு விடுவான்."

அவர் வண்டி கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது.
பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்தேன்,
அவர் தோளில் கொண்டுவந்து போட்ட சவுக்கு மிலாறு.
புகைந்தது. மாத்திரைப் பெட்டி அட்டையைக்
கிழித்துக் கிழித்துத் திணித்தேன்.
பற்றியது.
குச்சி முனையில் உஸ்ஸென்று நுரை தள்ளியது.

கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்கிறது.
அவரிடம் சொல்லமாட்டேன்.